பெட்டி இருக்கிறது, திறவுகோல் எங்கே?



நான் கூறப் போவது திருட்டைப் பற்றியதன்று. தீ விபத்தைப் பற்றியதும் அன்று. நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு துப்புரவுப் பணியைப் பற்றியது. அதில் எனக்கும் பங்குண்டு. ஆகவே பிறர்மீது குற்றம் சாட்டும் குரலில் எழுத எனக்கு உரிமையில்லை. ஆயினும் எழுதத்தான் வேண்டும். அதே பிழை இன்னும் சில திங்களில் இவ்வளாகத்திலேயே மறுபடியும் நிகழவிருக்கிறது.

இரண்டாண்டுகளுக்கு முன், கோடை விடுமுறை தொடங்குமுன்னர், தலைநகரில் நான் பயிலும் துறையின் பொருள் அறையைக் காலி செய்ய உத்தரவு வந்தது. மாணவர் சிலர் உதவிக்குப் போனோம். கால் உடைந்த நாற்காலிகள், கரையான் அரித்த கோப்புகள், இவற்றுக்கிடையே மஞ்சள் பூத்துப்போன கணினிப் பெட்டி ஒன்று. தூக்கி எறிய மனம் வரவில்லை. "கணினியின் உயிர் ஹார்டு டிஸ்கில்தானே இருக்கிறது! அதை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மற்றவற்றைப் போட்டுவிடலாம்" என்று அறிவாளியைப்போலச் சொன்னவன் நான்தான். திருப்புளியை எடுத்தவனும் நான்தான். செங்கல் அளவிருந்த அந்த டிஸ்கைப் பழைய துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். கபாடிக்காரர் வந்தார். அட்டைகளின் விளிம்பில் தங்கப் பூச்சு உண்டென்பது அவருக்குத் தெரியும். அட்டைகளை ஒரு கோணியிலும் இரும்பை மற்றொன்றிலும் கட்டி, எடை போட்டு எடுத்துச் சென்றார். சீலம்பூர்ப் பக்கம் போயிருக்கும். இந்நேரம் உருகியும் போயிருக்கும்.

ஆறு மாதங்கள் கழிந்தன. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் துறைக்கு வந்தார். 1987 முதல் 1991 வரை, வாரந்தோறும், யமுனைக் கரைச் சிற்றூர்க் கிணறுகளில் நீர்மட்டம் அளந்து கணக்கு வைத்தவர் அவர். சைக்கிளிலும் பேருந்திலும் போய்க் கயிறு விட்டு அளந்தவை. அச்சிட்ட தாள்களைக் கரையான் தின்றுவிட்டது; எஞ்சியது அந்தக் கணினியில் இருந்தது மட்டுமே. நான் பெருமையோடு டிஸ்கை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் துணியைப் பிரித்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு மெல்லக் கேட்டார்: "கார்டு எங்கே தம்பி?"

அந்தக் கேள்வியின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொண்ட பின் எழுதுவதுதான் இக்கட்டுரை.

இன்று கடையில் வாங்கும் ஹார்டு டிஸ்க் தானே எழுதும், தானே படிக்கும். அதற்கு வேண்டிய மின்னணு மூளை அதன் உடலிலேயே இருக்கிறது. 1980களின் டிஸ்க் அப்படியன்று. சுழலும் தட்டுகள், அவற்றைச் சுழற்றும் மோட்டார், காந்தத் தலைகள், தலைகளை நகர்த்தும் கருவி, சிறிதளவு மின்சுற்று; அவ்வளவுதான் அது. எங்கே எழுதுவது, எப்படி எழுதுவது, எழுதியதில் பிழை நேர்ந்தால் எவ்வாறு அறிவது என்பவையெல்லாம் கணினியின் ஸ்லாட்டில் செருகப்பட்ட வேறோர் அட்டையின் வேலை. அதற்குக் கன்ட்ரோலர் என்று பெயர். டிஸ்க் வெறும் ஏடு. கன்ட்ரோலரே எழுத்தாணி பிடித்த கை.

கிராமபோன் தட்டை எந்தப் பெட்டியில் வைத்தாலும் பாடும். இந்தத் தட்டு அப்படிப் பாடாது. ஏன்?

1980இல் ஷுகார்ட் டெக்னாலஜி என்ற நிறுவனம், பின்னாளில் சீகேட் என்று பெயர் மாறியது அதுவே, எஸ்.டி.-506 என்னும் டிஸ்கைக் கொணர்ந்தது. ஐந்தேகால் அங்குல வகை உடல். 5 மெகாபைட் கொள்ளளவு. அடுத்த ஆண்டே 10 மெகாபைட் கொள்ளும் எஸ்.டி.-412 வந்தது. 34 முனைக் கம்பி ஒன்று, 20 முனைக் கம்பி ஒன்று என்னும் இதன் இணைப்பு முறையைப் பிற நிறுவனங்களும் பின்பற்றின. ஆகவே எந்த டிஸ்கையும் எந்த அட்டையோடும் மாட்டலாம், கம்பி பொருந்தும். மயக்கம் இங்கேதான் தொடங்குகிறது. கம்பி பொருந்தினால் எழுத்தும் பொருந்தும் என்று எண்ணிவிடுகிறோம்.

டிஸ்கின் ஒவ்வொரு தடமும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. செக்டார் எனப்படும் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால், இது எத்தனையாவது தடம், எந்தத் தலை, எத்தனையாவது பகுதி என்னும் முகவரி எழுதப்படுகிறது. பின்னால் பிழை காணும் எண்கள் வருகின்றன. நடுவில் இடைவெளிகள். தடமொன்றில் சுமார் 10,400 பைட் எழுத இடமிருந்தும், எம்.எஃப்.எம். முறையில் 17 பகுதிகளில் 8,704 பைட்களே நமக்குப் பயன்படுவதற்குக் காரணம் இந்த முகவரிகளும் இடைவெளிகளுந்தாம். இவற்றை எந்த வடிவில் எழுதுவது என்பதில் ஒரு கன்ட்ரோலர் நிறுவனத்துக்கும் மற்றொன்றுக்கும் பெரும்பாலும் ஒற்றுமையில்லை. செபெக் அட்டை எழுதியதை வெஸ்டர்ன் டிஜிட்டல் அட்டை படிக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. இருவர் ஒரே மொழியில் குறிப்பெடுத்தாலும், ஒருவருடைய சுருக்கெழுத்து மற்றவருக்குப் புரியாததைப் போல என்க.

போதாக்குறைக்கு ஆர்.எல்.எல். என்னும் வேறொரு முறையும் வந்தது. அது அதே தடத்தில் 17க்குப் பதில் 26 பகுதிகளைத் திணித்தது. சீகேட் எஸ்.டி.-225க்கும் எஸ்.டி.-238 ஆர் என்பதற்கும் 615 உருளைகள், 4 தலைகள் என்று உடலமைப்பு ஒன்றே. முன்னது எம்.எஃப்.எம். அட்டையோடு சேர்ந்து 2 கோடியே 14 லட்சம் பைட் கொள்ளும், பின்னது ஆர்.எல்.எல். அட்டையோடு 3 கோடியே 27 லட்சம் பைட் கொள்ளும். மேசைமேல் இரண்டையும் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். நம் அலமாரியில் உறங்குவது இரண்டாவது வகை. இந்த வேறுபாட்டை அறியாமலேயே நான் நேரு பிளேசுக்குப் போனேன்.

அந்தப் பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைக்குக் கடை சிரித்தார்கள். கடைசியில் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் பரணிலிருந்து பழைய கன்ட்ரோலர் அட்டை ஒன்றையும், அதைச் செருகத்தக்க ஒரு பழைய 386 இயந்திரத்தையும் இறக்கினார். மாட்டினோம். தட்டு சுழன்றது! முப்பதாண்டு உறங்கியது சீழ்க்கையடித்துக் கொண்டு எழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் திரையில் தோன்றியது பிழைச் செய்தி ஒன்றே. அந்த அட்டை எம்.எஃப்.எம். வகை. எத்தனை முறை முயன்றாலும் அது கண்டது வெறும் இரைச்சலே.

பெரியவருக்கு என்மேல் இரக்கம் பிறந்தது. "கவலைப்படாதே மகனே, ஃபார்மட் செய்துவிட்டால் புதிதுபோல ஆகிவிடும்" என்று இந்தியில் கூறியபடியே டிபக் நிரலைத் திறந்து ஜி=சி800:5 என்று தட்டத் தொடங்கினார். அந்நாளைய தொழிலாளர் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்த மந்திரம் அது; அட்டையின் ரோமுக்குள் இருக்கும் ஃபார்மட் நிரலை நேரே எழுப்புவது. அது ஓடினால், தட்டு முழுவதும் புதிய முகவரிகளை எழுதி, பழையதைத் துடைத்துவிடும். என்டர் விசையை அழுத்துமுன் நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அவருடைய நோக்கில் அது பெரிய உதவி. டிஸ்க் பயன்பட வேண்டும் என்பது அவர் கவலை. டிஸ்கில் உள்ளது பயன்பட வேண்டும் என்பது என் கவலை.

அந்த மந்திரத்திலுள்ள சி800 என்னும் முகவரிக்கு ஒரு வரலாறு உண்டு. அதைக் கூறாமல் என் கருத்து முழுமை பெறாது.

1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதில் ஹார்டு டிஸ்க் கிடையாது. பிளாப்பித் தட்டு, அதுவும் இல்லாதார்க்குக் கேசட் நாடா. மின்சாரம் வழங்கும் பகுதியின் ஆற்றல் 63.5 வாட், டிஸ்கையும் சேர்த்துச் சுமக்கும் எண்ணத்தோடு அமைந்ததன்று. ஸ்லாட்டுகளோ ஐந்தே. இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை பயாஸ். கணினி கண் விழித்தவுடன் படிக்கும் முதற்பாடம் அது. சில்லில் மாறாது பதிந்திருப்பது. அதன் முதலிரு பதிப்புகளும் அட்டைகளில் உள்ள ரோமைத் தேடிப் பார்ப்பதில்லை. "நான் வந்திருக்கிறேன், என்னைக் கேட்டு டிஸ்கைப் படி" என்று கன்ட்ரோலர் எவ்வளவு கூவினாலும் கேட்கும் செவி அந்த இயந்திரத்துக்கு இல்லை.

1982 அக்டோபர் 27 என்று நாளிட்ட மூன்றாம் பதிப்பில்தான் அந்தச் செவி முளைத்தது. நினைவகத்தில் சி800 தொடங்கி, 2 கிலோபைட்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். 55, ஏஏ என்னும் இரு குறிகள் அங்கே இருந்தால், "இங்கே ஓர் அட்டை குடியிருக்கிறது" என்று பொருள். மூன்றாம் பைட் அந்த நிரலின் நீளத்தைச் சொல்லும். எல்லாப் பைட்களையும் கூட்டிக் கடைசி பைட் சுழியாக வந்தால் நம்பும். நம்பினால் ஆட்சியை அந்நிரலிடம் ஒப்படைக்கும். அது டிஸ்கைக் கையாளும் வழியைக் கணினிக்குக் கற்பித்துவிட்டுத் திரும்பும். எவ்வளவு எளிய ஏற்பாடு! யார் செய்த அட்டை, எந்நாட்டு அட்டை என்று கேட்பதில்லை. இரு குறி, ஒரு கூட்டல். அவ்வளவே நுழைவுச் சீட்டு.

1983 மார்ச்சு 8ஆம் நாள் வந்த எக்ஸ்.டி. இயந்திரம் 130 வாட் ஆற்றலோடும், எட்டு ஸ்லாட்டுகளோடும், 10 மெகாபைட் டிஸ்கோடும், செபெக் கன்ட்ரோலரோடும் பிறந்தது. பழைய இயந்திரம் வைத்திருந்தோர் பயாஸ் சில்லை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றும் பழம் பொருள் சேர்ப்போர், முதல் தலைமுறை ஐ.பி.எம். இயந்திரம் கைக்கு வந்தால், அந்த நாளைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

மாட்டியதும் ஓடினால் போதாது. ஓட்டமும் ஒத்துப்போக வேண்டும். டிஸ்க் நொடிக்கு 60 முறை சுழல்கிறது. ஒரு பகுதியைப் படித்து, அதை நினைவகத்தில் இறக்கி வைப்பதற்குள் அடுத்த பகுதி தலையைக் கடந்து போய்விடும். ஆதலால் அடுத்த எண்ணைப் பக்கத்தில் எழுதாமல் ஆறு இடம் தள்ளி எழுதினர் எக்ஸ்.டி.யில். ஆறு சுற்றில் ஒரு தடம் படிக்கலாம். நொடியில் பத்தில் ஒரு பங்கு. அவசரக்காரர் ஒருவர் விரைவுக்கு ஆசைப்பட்டு நெருக்கி எழுதிவிட்டால், ஒவ்வொரு பகுதியையும் தவறவிட்டு, ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றுக் காத்திருக்க நேரும். 17 பகுதிக்கு 17 சுற்று! விரைவாக்கப் போய் மூன்று மடங்கு தாமதம். பேருந்துப் படியில் கால் வைக்குமுன் வண்டி கிளம்பிவிட்டால் அடுத்த வண்டிவரை நிற்பதில்லையா, அதைப் போல.

1984இல் ஏ.டி. வந்தது, ஏற்பாடு மாறியது. கன்ட்ரோலரைக் கையாளும் நிரல் அட்டையிலிருந்து மதர்போர்டின் பயாசுக்கே போயிற்று. இத்தனை உருளை, இத்தனை தலை என்று 14 வகை டிஸ்குகளின் அட்டவணை அதில் முதலில் இருந்தது. உங்கள் டிஸ்க் அட்டவணையில் இல்லையா? கிட்டத்தட்டப் பொருந்தும் சிறிய வகையைச் சொல்லி, மிஞ்சிய இடத்தை இழக்க வேண்டியதுதான். எந்த வகை என்னும் நினைவோ ஒரு சிறு பேட்டரியின் தயவில். பேட்டரி தீர்ந்தால் கணினி தன் டிஸ்கையே மறந்துவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது 1986 வாக்கில் காம்பாக் இயந்திரங்களில் தோன்றிய ஐ.டி.இ. முறை. கன்ட்ரோலரை டிஸ்கின் உடலிலேயே ஒட்டிவிட்டார்கள். எழுதுகிற கையும் ஏடும் ஒன்றாயின. எந்தக் கை எழுதியது என்னும் கேள்வி மறைந்தது. கணினியின் பக்கத்திலிருந்து பார்த்தால் பழைய ஏ.டி. கன்ட்ரோலரே அமர்ந்திருப்பதுபோலத் தோன்றும்படி அமைத்தது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். 1994இல் அது அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஏற்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்னே எழுதப்பட்டவை முன்னே எழுதப்பட்டவையே. நம் பேராசிரியரின் கிணறுகள் அந்தக் கரையில் நிற்கின்றன.

சில நண்பர்கள் கேட்கிறார்கள்: "முப்பது மெகாபைட்டுக்கா இவ்வளவு அழுகை? கைப்பேசியில் எடுத்த பத்துப் படங்களுக்குக் காணாதே!" கேட்கட்டும். 1988ஆம் ஆண்டின் ஆவணித் திங்களில் ஒரு கிணற்றில் நீர் எத்தனை அடியில் நின்றது என்பதை இனி எந்தக் கருவியைக் கொண்டு அளப்பது? அந்தக் கிணறுகளில் சிலவற்றின்மேல் இன்று வீடுகள் நிற்பதாகப் பேராசிரியர் சொன்னார். எண் சிறியது, மீட்க முடியாதது.

வேறு சிலர், "பழைய கதை, இனி நேராது" என்கிறார்கள். இதைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன். யு.எஸ்.பி. வழி மாட்டும் புறப்பெட்டி டிஸ்குகள் நம்மில் பலரிடம் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில், பெட்டிக்குள் இருக்கும் சிறு இணைப்புப் பலகையே தரவை மறைகுறியாக்கி எழுதுகிறது. பெட்டி பழுதாயிற்றென்று பலகையை எறிந்து, டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் இரைச்சல்தான். பல டிஸ்குகளை ஒன்றாகக் கட்டும் ரெயிட் அட்டைகளிலும் இதே நோய். அட்டை போனால், அதே குடும்பத்து அட்டையைத் தேடி அலைய வேண்டும். கையையும் ஏட்டையும் மறுபடியும் பிரித்திருக்கிறார்கள், நாம் கவனிக்கவில்லை.

என் கருத்து இரண்டு பகுதியாக நிற்கிறது. சிறியது நமக்கு, பெரியது இயந்திரம் செய்வோர்க்கு.

பெரியதை முதலில் சொல்கிறேன். ஐ.பி.எம். அந்நாளில் தன் இயந்திரத்தின் மின்சுற்றுப் படங்களையும், பயாஸ் நிரலை வரிக்கு வரியும், தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டு விற்றது. அறச்சிந்தனையால் செய்தது என்று நான் கூற வரவில்லை. பிறர் அட்டை செய்து விற்றால் தன் இயந்திரமும் விற்குமென்னும் வாணிகக் கணக்காகவே இருக்கட்டும். விளைவு என்ன? கால் நூற்றாண்டு கடந்து, ஆர்வலர் சிலர் எக்ஸ்.டி.-ஐ.டி.இ. என்னும் அட்டையை உருவாக்கி, அதன் நிரலை யாவர்க்கும் இலவசமாகத் தந்தார்கள். பிற்கால டிஸ்கை 1983ஆம் ஆண்டு இயந்திரத்தில் மாட்டி ஓட்ட அது வழி செய்கிறது. எந்த வாயில் வழியாக அது நுழைகிறது? அந்த 55, ஏஏ வாயில் வழியாகத்தான்! அதே ஐ.பி.எம். 1987இல் பி.எஸ்.2 வரிசையில் மைக்ரோ சேனல் என்று ஸ்லாட்டை மாற்றி, உரிமக் கட்டணம் கேட்டது. மறு ஆண்டே ஒன்பது நிறுவனங்கள் கூடி வேறு வழி வகுத்தன. திறந்து வைத்த வாயில் இன்றும் பயன்படுகிறது. பூட்டியதன் பெயரையே நம் வகுப்பில் எத்தனை பேர் அறிவோம்? ஆகவே, ஒரு நிறுவனம் தரவை எந்த வடிவில் எழுதுகிறது என்பதை அச்சிட்டுத் தராவிட்டால், அதன் பொருளைப் பொதுப் பணத்தில் பல்கலைக் கழகங்கள் வாங்கக் கூடாது. விலைப்புள்ளி கோரும் தாளில் இந்த ஒரு வரியைச் சேர்க்க எந்தச் செலவும் இல்லை.

சிறியது இது. பழைய கணினி ஓடுகிறதா? கழற்றாதீர்கள். ஓடும்போதே சீரியல் போர்ட் வழியாகவேனும் உள்ளதை வெளியே எடுத்துவிடுங்கள். ஓடவில்லையா? பெட்டியைப் பெட்டியாகவே வையுங்கள். இடமில்லை என்று மேலிடம் வற்புறுத்தினால் டிஸ்க், அட்டை, இரண்டு கம்பிகள் ஆகியவற்றை ஒரே பையில் இட்டு, எந்த ஸ்லாட்டில் இருந்தது, எந்த ஜம்பர் எங்கே இருந்தது என்று படம் பிடித்து, தாளிலும் எழுதி உடன் வையுங்கள். ஃபார்மட் செய்து தருகிறேன் என்று அன்போடு வருபவரிடமிருந்து காப்பாற்றுங்கள். அவர் பகைவரைவிட ஆபத்தானவர்.

பேராசிரியரின் டிஸ்க் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தட்டிலுள்ள காந்த மாற்றங்களை அப்படியே, எந்த நேரத்தில் எது என்று பதிந்துகொண்டு, பிறகு மென்பொருளால் எழுத்தைப் பிரித்தறியும் கருவிகளை ஆர்வலர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். பல கன்ட்ரோலர்களின் கையெழுத்தை அவை அறியும். அத்தகைய கருவியொன்றை வாங்க நாங்கள் நால்வர் பணம் சேர்த்துக் கொண்டிருக்கிறோம். தொலைந்த அட்டையின் கையெழுத்து அவற்றுள் ஒன்றாக இருக்குமா என்பது வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். எது அந்த அட்டை என்று பேராசிரியருக்கு நினைவில்லை. கோணியில் போட்ட எனக்கும் நினைவில்லை. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பரவாயில்லை தம்பி" என்றார். கடிந்துகொண்டிருக்கலாம்.

அடுத்த கட்டிடத்துத் துறையிலும் பொருள் அறையைக் காலி செய்யப் போகிறார்களாம். அங்கே இதே போன்ற பெட்டிகள் மூன்று இருப்பதைச் சாளரத்தின் வழியே எண்ணி வந்தேன். அதிகாரியிடம் பேசியாயிற்று, ஏலத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை முழுவதும் நமக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சங்கத்து நண்பர்கள் ஆறேழு பேர் வந்தால் போதும். திருப்புளி இம்முறை வேண்டியதில்லை. பைகளும் நூலும், அழியாத மையுள்ள பேனாவும் கொண்டு வாருங்கள்.